வரமா, சம்பளமா: வடசென்னைச் சபை ஒன்றில் எழுந்த கிருபை வழக்கு

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்களின் நான்காவது வாரத்தில், ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், எங்கள் சபையின் ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர் தம் வீட்டுக் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தார். அவருக்கு வயது 58. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். நாள்தோறும் இரண்டு வேளை இன்சுலின். இரண்டு நாட்களாகத் தண்ணீரைத் தவிர எதையும் உட்கொள்ளாமல் உபவாசம் இருந்தவர், ஊசியை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டிருக்கிறார். ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது சர்க்கரை அளவு 40-க்கும் கீழே இறங்கியிருந்தது. மாலையில் எங்கள் சபைப் போதகரான ஆயரும் நானும் பார்க்கப் போனோம். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கையை மெல்ல நகர்த்தி ஆயரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் எதுல கொறஞ்சு போய்ட்டேன், ஐயா? எனக்கு மட்டும் ஏன் குடுக்கல?" என்று கேட்டார்.

அவர் கேட்டது அந்நியபாஷை வரத்தைப் பற்றி, அதாவது ஜெபத்தில் ஆவியின் ஏவுதலால் தாம் கற்றிராத மொழியில் பேசும் வரத்தைப் பற்றி. 30 ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு வேதவசனம் சொல்லிக்கொடுத்த ஒருவர், தமக்கு அந்த வரம் கிடைக்காததைத் தம் குறைக்குச் சான்றாக எடுத்துக்கொண்டிருந்தார். அப்படி எடுத்துக்கொள்ளும்படி அவருக்கு யார், எப்படிக் கற்பித்தார்கள் என்பதும், அதைத் திருத்த முயன்றபோது எங்கள் சபை எந்தெந்தப் பழைய வழக்குகளுக்குள் போய் விழுந்தது என்பதுமே இந்த ஆய்வின் பொருள். அப்போது நான் சபையை நிர்வகிக்கும் குருசேகரக் குழுவின் செயலராக இருந்தேன். ஆட்களின் பெயர்களையும் சபையின் பெயரையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

சூழல்

வண்ணாரப்பேட்டைக்கும் வியாசர்பாடிக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள எங்கள் ஆலயம் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்ப்பவர்கள், ஆலை மூடப்பட்டபின் தையலுக்கும் ஆட்டோவுக்கும் மாறியவர்கள், செவிலியர்கள், மென்பொருள் வேலைக்குப் போகும் இளைஞர்கள் எனச் சபையார் பல வகையினர். ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஆவியின் வரங்களை வலியுறுத்தும் பெந்தெகொஸ்தே சபைகளின் ஜெபவீடுகள் பல உண்டு. காலை 8 மணி ஆராதனைக்கு எங்கள் ஆலயத்துக்கு வரும் கணவரும், 10 மணிக்குப் பக்கத்துத் தெரு ஜெபவீட்டுக்குப் போகும் மனைவியும் ஒரே வீட்டில் இருப்பது இங்கே வழக்கம். பாமாலையும் கைத்தட்டிப் பாடும் பாடலும் ஒரே சமையலறையில் கேட்கும்.

இந்தக் கலப்பு புதிதும் அல்ல. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆங்கிலிக்கன் மரபும், வெஸ்லியின் மெதடிஸ்ட் மரபும், பிரெஸ்பிட்டேரிய, காங்கிரிகேஷனல் மரபுகளை முன்பே ஒன்றுசேர்த்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றாயின. இதன் பொருளைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டவர்களையே கிருபை, அதாவது தகுதி பாராமல் அவர் தரும் தயவு, இரட்சிக்கிறது என்று 1618-19-இல் நெதர்லாந்தின் டார்ட் நகர மாமன்றத்தில் அறுதியிட்ட கால்வினிய மரபின் பேரப்பிள்ளைகளும், கிருபை எல்லாருக்கும் இலவசம் என்று 1739-இல் பிரசங்கித்து, அதனாலேயே நண்பர் ஒயிட்ஃபீல்டோடு மனம் பிரிந்த வெஸ்லியின் பேரப்பிள்ளைகளும் அன்று முதல் ஒரே பந்தியில் திருவிருந்து பெறுகிறார்கள். பழைய வழக்கில் எந்தப் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்லாமலேயே சேர்ந்து வாழக் கற்றுக்கொண்ட சபை இது. அதில் ஒரு நன்மை உண்டு. ஆனால் கிருபையைப் பற்றித் தெளிவாகப் பேசும் பழக்கத்தையும் நாங்கள் சிறிது சிறிதாக இழந்துவிட்டோம் என்பதை இந்த நிகழ்வில்தான் கண்டுகொண்டோம்.

நிகழ்வு

லெந்து நாட்களில் 40 நாள் உபவாச ஜெபம் நடத்த வேண்டும் என்று வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டார். ரயில்வேயில் ஃபிட்டர், முப்பதைத் தாண்டியவர், குடியில் வீழ்ந்திருந்து, ஒரு ஜெபவீட்டுக் கூட்டத்தில் விடுதலை பெற்றவர். அவருடைய மனமாற்றம் உண்மையானது என்பதை அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தே எவரும் அறியலாம். குழு அனுமதி தந்தது. அவர் வீட்டு மொட்டைமாடியில், இரவு 8 மணிக்கு, ஓலைப் பந்தலின் கீழ்க் கூட்டம் தொடங்கியது.

முதல் இரண்டு வாரங்கள் நன்றாகவே நடந்தன. கோயில் பக்கமே வராத இளைஞர்கள் வந்தார்கள்; இரண்டு குடும்பங்களின் நெடுநாள் பகை அந்த மாடியில் தீர்ந்தது. மூன்றாம் வாரம் கூட்டத்துக்குக் காத்திருப்புக் கூட்டம் என்று பெயர் மாறியது. சிலர் அந்நியபாஷையில் பேசத் தொடங்கினார்கள். அபிஷேகம், அதாவது பரிசுத்த ஆவியின் நிறைவு, பெற்றவர்கள் முன்பாய்களில் அமரவும், பெறாதவர்கள் பின்பாய்களில் அமர்ந்து காத்திருக்கவும் ஏற்பாடாயிற்று. பெறாதவர்களிடம் மறைவான பாவம் ஏதாவது இருக்கிறதா என்று ஆராயச் சொன்னார்கள். உபவாசத்தைக் கூட்டச் சொன்னார்கள். எங்கள் ஆசிரியை ஒன்பது இரவுகள் பின்பாயில் அமர்ந்திருந்தார். முன்பாயில் இருந்தவர்களில் நால்வர் அவரிடம் ஞாயிறு பள்ளியில் படித்தவர்கள்.

இதை நான் அறிந்திருந்தேன். ஒரு இரவு நானே போய்ப் பார்த்தேன், பாய்களின் வரிசையைக் கண்டேன், ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதம் ஞாயிறு ஆராதனைக்குக் கூட்டம் கூடியிருந்தது, காணிக்கையும் உயர்ந்திருந்தது. ஒரு செயலருக்கு வாயை மூடிக்கொள்ள அவை போதுமான காரணங்களாகத் தோன்றின. இந்த ஆய்வில் பிறரைக் குறித்து எழுதுவதற்கு முன்பாக இதை எழுதியாக வேண்டும்.

ஆசிரியை மருத்துவமனையில் இருந்தபோது அந்தத் தம்பி போய் ஜெபித்தார். ஜெபத்தின் முடிவில், ஊசியையும் விட்டிருந்தால் விசுவாசம் முழுமையாகியிருக்கும் என்று ஆசிரியையின் மகளிடம் சொன்னதாகத் தெரியவந்தபோதுதான் குழு அவசரமாகக் கூடியது.

குழுவில் எழுந்த வாதங்கள்

மூத்த உறுப்பினர் ஒருவர், வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துவிட்டன, இன்று நடப்பதெல்லாம் 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசுசா தெருவில் தொடங்கி இங்கே இறக்குமதியான உணர்ச்சிப் பெருக்கு, ஆகவே கூட்டத்தைத் தடை செய்ய வேண்டும் என்றார். அவர் கோபம் நியாயமானது. அவர் தந்த காரணம் நிற்காது. அசுசா தெருவுக்கு 46 ஆண்டுகளுக்கு முன்பே, 1860-இல், திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியான் அருளப்பனின் ஊழியத்தை ஒட்டி எழுந்த எழுப்புதலில் தீர்க்கதரிசனமும் அந்நியபாஷையும் காணப்பட்டதாகப் பதிவுகள் உண்டு. அருளப்பன் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற பிரதரன் (சகோதர சபை) மிஷனரியின் தாக்கத்தில் வளர்ந்தவர். அதே பிரதரன் மரபைச் சேர்ந்த சபைகள் பெரும்பாலும் இன்று அந்நியபாஷை ஓய்ந்துவிட்டது என்றே போதிக்கின்றன. ஒரு மரபு இருந்த இடத்திலேயே இருப்பதில்லை என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைக்கும் சான்று இது.

இன்னொரு சான்று மிகப் பழையது. கிருபையின் போதகர் என்று மேற்கத்தியத் திருச்சபை போற்றும் அகஸ்டின், தம் தொடக்கக்கால எழுத்தில், அப்போஸ்தலர் நாட்களின் அற்புதங்கள் தம் காலம்வரை தொடர அனுமதிக்கப்படவில்லை என்றார். முதுமையில் அதே அகஸ்டின், தம் ஹிப்போ நகரில் இரண்டே ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 70 குணமாகுதல்கள் எழுத்தில் பதிவாகியிருப்பதாகச் சாட்சி சொன்னார். முன்பு எழுதியதை வரையறுத்துத் திருத்தவும் செய்தார். கண்டதைக் கண்டபின் கருத்தை மாற்றிக்கொள்ளும் அந்த நேர்மை எங்கள் குழுவில் அன்று யாரிடமும் இருக்கவில்லை, என்னையும் சேர்த்து.

மென்பொருள் வேலையில் உள்ள ஒரு இளம் உறுப்பினர் நேர் எதிர்ப்பக்கம் நின்றார். கிருபை எல்லாவற்றையும் முடித்துவிட்டது. உபவாசமும் வேண்டாம், ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லவும் வேண்டாம். மன்னிக்கப்பட்டவன் மறுபடி மன்னிப்புக் கேட்பது அவிசுவாசம் என்றார். கைப்பேசியில் அவர் கேட்டுவந்த பிரசங்கங்கள் புதியவை, சரக்கு பழையது. லூதரின் நண்பராயிருந்த யோவான் அக்ரிகோலா, விசுவாசிக்கு நியாயப்பிரமாணத்தை, அதாவது தேவ கட்டளைகளை, பிரசங்கிக்கத் தேவையில்லை என்று வாதிட்டபோது, 1537 தொடங்கி லூதரே அவரை எதிர்த்து விவாதித்தார். "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே" என்று பவுல் ரோமருக்கு எழுதியதை ஆயர் வாசித்ததோடு அந்த வாதம் அன்றைக்கு ஓய்ந்தது.

மாடிக் கூட்டத்தை நடத்திய தம்பியின் வாதமே எல்லாவற்றிலும் வலிமையானது. அதை வலிமையாகவே பதிவு செய்ய விரும்புகிறேன். சீஷர்கள் எருசலேமில் காத்திருக்கவில்லையா, ஞானவரங்களை விரும்புங்கள் என்று வேதம் கட்டளையிடவில்லையா, கேளுங்கள் என்று சொன்னவர் கேட்பவர்களுக்குத் தாமதிப்பாரா என்று அவர் கேட்டார். பிறகு, "ஐயா, நான் குடிச்சு ரோட்ல கெடந்தப்ப இந்தக் கமிட்டி எனக்காக ஒரு நாள் உபவாசம் இருந்துச்சா?" என்றும் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. நிகழ்வேட்டில் அந்தக் கேள்வியை நான் எழுதினேன். பதில் என்ற இடத்தை வெறுமையாக விட்டேன்.

சொல்லில் இருந்த சிக்கல்

ஆயர் தடை எதையும் விதிக்கவில்லை. கூட்டத்தை மாடியிலிருந்து ஆலயத்துக்கு மாற்றி, ஆறு மாலை நேரங்களை வேத ஆராய்ச்சிக்கு ஒதுக்கினார். முதல் மாலையில் அவர் ஒரே ஒரு வேலை தந்தார்: ரோமர் 6:23-ஐ எல்லாரும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த வசனம் தாலாட்டு மாதிரி: "பாவத்தின் சம்பளம் மரணம், தேவனுடைய கிருபைவரமோ நம்முடைய கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவினால் உண்டான நித்தியஜீவன்." எல்லாரும் சொன்னோம். பிறகு அவர், "கிருபைவரம்னு ஒரே சொல்லா ஏன் போட்டிருக்காங்க?" என்று கேட்டார்.

கிரேக்க மூலத்தில் கிருபைக்குக் காரிஸ் என்று சொல், வரத்துக்குக் காரிஸ்மா. ஒன்று வேர், மற்றொன்று அதில் கிளைத்தது. காரிஸ்மா என்றால் கிருபையாய்க் கொடுக்கப்பட்ட ஒன்று, அவ்வளவுதான். நம் பழைய மொழிபெயர்ப்பில், ரோமர் நிருபத்தின் சில இடங்களில் மொழிபெயர்ப்பாளர்கள் இந்த உறவைக் காப்பாற்றிக் கிருபைவரம் என்று எழுதினார்கள். 1 கொரிந்தியர் 12-ஆம் அதிகாரத்திலோ வெறும் வரம் என்றே வருகிறது: "வரங்களில் வித்தியாசங்கள் உண்டு, ஆவியானவர் ஒருவரே." அந்த இடத்தில் தமிழ் வாசகனின் காதில் கிருபைக்கும் வரத்துக்கும் இடையே இருந்த தொப்புள்கொடி அறுந்துவிடுகிறது.

அறுந்த இடத்தில் வேறொன்று வந்து ஒட்டிக்கொள்கிறது. தமிழில் வரம் என்றாலே தவம் நினைவுக்கு வரும். ஒற்றைக் காலில் நின்று, ஊண் உறக்கம் ஒழித்து, தெய்வம் மனமிரங்கித் தோன்றும்வரை விடாமல் தவமிருந்து பெறுவது வரம். புராணக் கதைகளிலும் தெருக்கூத்திலும் சினிமாவிலும் நாம் கேட்டு வளர்ந்தது அதைத்தான். வரம் கிடைக்காவிட்டால் தவத்தில் குறை என்பதே அந்தக் கதைகளின் கணக்கு. மொட்டைமாடியில் நடந்தது இந்தக் கணக்குத்தான் என்பது என் முடிவு. அந்தத் தம்பி வேதத்தைத் திரிக்கவில்லை. தமிழ்ச் சொல் ஒன்று தனக்குள் வைத்திருந்த பழைய நினைவின்படி வேதத்தை வாசித்தார். ஆசிரியையும் அப்படியே வாசித்தார். "எதுல கொறஞ்சு போய்ட்டேன்" என்பது தவக்குறையைத் தேடும் கேள்வி.

1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு அந்த 1 கொரிந்தியர் வசனத்தில் அருள்கொடைகள் என்று எழுதுகிறது. கிருபைக்கு அருள், வரத்துக்கு அருள்கொடை என்று வரும்போது வேரும் கிளையும் தமிழிலும் ஒட்டியே நிற்கின்றன. இராயபுரத்திலும் பெரம்பூரிலும் உள்ள கத்தோலிக்க அன்பர்கள் தங்கள் ஜெபக் குழுக்களை அருங்கொடை இயக்கம் என்று சொல்வதை நாங்கள் காலமெல்லாம் கேட்டிருக்கிறோம். அந்தச் சொல்லின் நயத்தை இரண்டாம் மாலையில்தான் உணர்ந்தோம். பழைய மொழிபெயர்ப்பைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் தாய் சாகும்போது அதைத்தான் கேட்டாள். ஆனால் அதை வாசிக்கும்போது வரம் என்ற சொல்லுக்கு முன் கிருபை என்ற சொல்லை மனத்துக்குள் சேர்த்து வாசிக்கப் பழக வேண்டியிருக்கிறது.

பழைய தீர்ப்புகள் பேசியது

இப்படிப் பார்த்தபோது எங்கள் வழக்கு பெந்தெகொஸ்தே வழக்காக இல்லாமல் பெலாஜியுஸ் வழக்காக மாறியது. மனிதன் தன் முயற்சியாலேயே தேவ கட்டளையை நிறைவேற்ற இயலும் என்று அகஸ்டின் காலத்துத் துறவி பெலாஜியுஸ் போதித்தார். கிருபை இல்லாமலும் செய்யக்கூடியதைச் சற்று எளிதாக்கித் தருவதே கிருபையின் வேலை என்ற கருத்தை 418-இல் கார்த்தேஜ் மாமன்றம் தள்ளியது. 529-இல் கூடிய இரண்டாம் ஆரஞ்சு மாமன்றம் இன்னும் ஆழமாகப் போயிற்று: மனிதன் வேண்டிக்கொண்டதால் கிருபை அருளப்படுகிறது என்று சொல்லி, அந்த வேண்டுதலையே எழச் செய்தது கிருபைதான் என்பதை மறுப்பது தவறு என்று அது அறிவித்தது. இதை ஆயர் எளிய தமிழில் விளக்கியபோது பின்வரிசையில் ஒரு அசைவு உண்டானது. அந்த மாடியில் பின்பாயில் அமர்ந்து அழுதவர்களின் அழுகையே ஏற்கெனவே கொடுக்கப்பட்ட கிருபை என்றால், பின்பாய் என்று ஒன்று எப்படி இருக்க முடியும்?

தமிழ் மண்ணுக்கு இந்த விவாதம் அந்நியமும் அல்ல. தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியா, தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியா என்று வைணவத்தின் வடகலையாரும் தென்கலையாரும் அருளைப் பற்றி நெடுங்காலம் வாதிட்டிருக்கிறார்கள். எங்கள் மூன்றாம் மாலைக் கூட்டத்தில் ஒரு துறைமுகத் தொழிலாளர் இதை எடுத்துச் சொன்னபோது, மற்றெல்லா விளக்கங்களையும்விட அது சபைக்கு விரைவாகப் புரிந்தது.

அந்நியபாஷையே அபிஷேகத்தின் அடையாளம் என்ற போதனையையும் ஆராய்ந்தோம். 1901-இல் கான்சாஸின் டொபீகாவில் சார்லஸ் பார்ஹாமின் வேதப் பள்ளியில் உருப்பெற்ற இந்தக் கருத்தை அசெம்பிளிஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே அமைப்பு 1916-இல் தன் விசுவாச அறிக்கையில் ஏற்றது. ஆனால் குணமாக்கும் ஊழியத்துக்குப் பெயர்பெற்ற எஃப். எஃப். பாஸ்வொர்த், அது ஒன்றே கட்டாய அடையாளம் என்பதை ஏற்க முடியாமல் 1918-இல் அந்த அமைப்பைவிட்டு விலகினார். வரங்களை முழுமனதோடு நம்பிய ஒருவரே மறுத்த கருத்து இது என்பதை அறிந்தபோது, அந்தத் தம்பி நீண்ட நேரம் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். அதன்பின் பவுலின் சொற்களையே வாசித்தோம்: "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" கேள்வியின் தொனியிலேயே விடை இருந்தது. ஆவியானவர் தமது சித்தத்தின்படியே அவனவனுக்குப் பகிர்ந்துகொடுக்கிறார் என்று அதே அதிகாரம் சொல்கிறது.

உபவாசத்தைப் பற்றிய மாலைதான் எனக்கு மிகக் கடினமாயிருந்தது. உபவாசம் வேண்டாம் என்று முடிவு செய்வது எளிது. அப்படிச் செய்திருந்தால் அந்தத் தம்பி கமிட்டியிடம் கேட்ட கேள்வியிலிருந்து தப்பித்திருப்போம். அவர் குடியிலிருந்து மீண்டது உண்மை; அவருக்காக யாரோ பசியோடு ஜெபித்ததும் உண்மை. பசித்திருப்பது கிருபையை வாங்கும் விலையாகாது. கிருபை பெற்றவன் பிறனுக்காகத் தன்னை ஒறுத்துக்கொள்வதே அது என்ற வேறுபாட்டை இரண்டு மணி நேரம் பேசியும் எங்களால் திருப்தியாக எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. நோயைப் பொறுத்த அளவில் தெளிவாக ஒன்றைச் சொல்ல முடிந்தது. தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி பவுல் மூன்று முறை வேண்டிக்கொண்டார், முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. பவுலின் விசுவாசத்தில் குறை என்று யாரும் சொல்வதில்லை.

முடிவும் இன்றைய நிலையும்

ஆறாம் மாலைக்குப் பிறகு குழு சில முடிவுகளை எழுதியது. வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டம் ஆலயத்திலேயே தொடரும். அந்நியபாஷையில் பேச விரும்புவோர் 1 கொரிந்தியர் 14-இன்படி இரண்டு அல்லது மூன்று பேர், ஒவ்வொருவராக, அர்த்தம் சொல்பவர் இருந்தால் மட்டும் பேசலாம். இல்லையெனில் மனத்துக்குள் ஜெபிக்கலாம். சர்க்கரை, சிறுநீரகம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் இருக்கக் கூடாது. எவரிடமும் மருந்தை நிறுத்தச் சொல்வது சபை ஒழுங்குக்கு மாறானது. பாய்கள் வட்டமாக விரிக்கப்படும்.

எல்லாரும் இதை ஏற்கவில்லை. அந்தத் தம்பி ஏழு குடும்பங்களோடு பிரிந்து, கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு வாடகைக் கூடத்தில் ஆராதனை நடத்துகிறார். பிரிவதற்கு முன் மருத்துவமனைப் பேச்சுக்காக ஆசிரியையின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். எங்கள் பக்கத்தில் யாரும் அவரிடம் போய்க் குடிநாட்களில் கைவிட்டதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, நான் உட்பட. மூத்த உறுப்பினர், குழு அளவுக்கு மீறி விட்டுக்கொடுத்துவிட்டதென்று வருந்தி, குழுவிலிருந்து விலகினார். ஆராதனைக்கு மட்டும் வருகிறார். பிரிந்து போனவர்களில் இருவர் முழுக்கு ஞானஸ்நானம் பெற்று, பின்னர் திரும்பி வந்தபோது அவர்களைத் திருவிருந்துக்கு ஏற்பதா என்ற கேள்வி எழுந்தது. குழந்தைப் பருவத்தில் பெற்ற ஞானஸ்நானம் செல்லும் என்பதை ஆயர் அவர்களிடம் அமைதியாகச் சொன்னார். பதிவேட்டில் புதிதாக எதையும் எழுதவில்லை. அடுத்த ஞாயிறு அவர்களுக்குத் திருவிருந்து கொடுத்தார்.

ஆசிரியை மூன்று வாரங்களில் ஞாயிறு பள்ளிக்குத் திரும்பினார். பையில் இன்சுலினோடு இரண்டு மிட்டாய்களும் வைத்திருக்கிறார், சர்க்கரை இறங்கினால் போட்டுக்கொள்ள. வெள்ளிக்கிழமைகளில் வட்டத்தில் அமர்ந்து ஜெபிக்கிறார். அந்நியபாஷை அவருக்கு இதுவரை வரவில்லை. கடந்த லெந்துக்கு முன் என்னிடம் வந்து, கொருக்குப்பேட்டைக் கூடத்தில் அந்தத் தம்பியின் பிள்ளைக்குப் பிறந்தநாள் ஜெபம் என்றும், தாம் போகப்போவதாகவும், நானும் உடன் வர வேண்டும் என்றும் சொன்னார். போனோம்.